அறுபத்து மூன்று சென்டிமீட்டர்

வங்கியில் படிவம் நிரப்பும்போது தொழில் என்ற இடத்தில் அனுசுயா ஒரு முறை வெறுமனே ‘இயக்குநர்’ என்று எழுதிவிட்டார். உத்தமபாளையம் கிளையின் காசாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “எந்தப் படம் டீச்சர்? நாங்க பாக்கலையே” என்று கேட்டார். “இன்னும் ரிலீஸ் ஆகல சார்” என்று சொல்லிவிட்டு, ‘உடற்கல்வி’ என்பதை முன்னால் நெருக்கிச் சேர்த்தார் அனுசுயா.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினேழு வருடமாக உடற்கல்வி இயக்குநர். காலைக் கூட்டத்தில் வரிசை பிடிப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, பேருந்து நிறுத்தத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை விலக்குவது எல்லாம் அவர் வேலை. அப்பா வடுகபட்டி பூண்டு மண்டியில் மூட்டை தூக்கியவர். மகள் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு விசில் ஊதப் போகிறாள் என்று தெருவில் சிரித்தபோது, “அதுக்குத்தான் சம்பளம் குடுக்கிறாக” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அனுசுயாவுக்குப் பேச்சு குறைவு. கை சுத்தம். ஓடுதளத்துக்குக் கோடு போடுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். தேனியிலிருந்துகூட போன் வரும்.

இந்த வருடம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி அவர் பள்ளியிலேயே நடந்தது. உள்விளிம்பில் செங்கல் பதித்த இருநூறு மீட்டர் ஓடுதளம். இருநூறு மீட்டர் ஓட்டம் என்றால் சரியாக ஒரு சுற்று. வெளி லேன்களின் சுற்று நீளமானது என்பதால், அதில் ஓடுகிறவர்களைச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். இரண்டாவது லேனுக்கு ஏழு மீட்டர் நான்கு சென்டிமீட்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு லேனுக்கும் கூடுதலாக ஏழு மீட்டர் அறுபத்தேழு. முதல் லேனை மட்டும் செங்கல்லிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்றதையெல்லாம் அதனதன் உள்கோட்டிலிருந்து இருபது தள்ளி. அதனால்தான் அந்த முதல் இடைவெளி மட்டும் குறைவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அனுசுயா சொல்லுவார்.

முந்தின நாள் சாயங்காலம் மலைப்பக்கமிருந்து இறங்கிய சாரல், போட்ட கோட்டையெல்லாம் கரைத்துவிட்டது. விடிந்ததும் மறுபடி போட வேண்டியிருந்தது. டேப்பை ஒவ்வொரு லேனுக்கும் இழுத்துக்கொண்டிருக்க நேரம் இல்லாமல், ஒரு நைலான் கயிற்றில் அளவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு, அதை வைத்தே ஒவ்வொரு லேனின் தொடக்கத்திலும் கொடிகளை ஊன்றினார்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான இருநூறு மீட்டரில் ஆறு பேர் ஓடினார்கள். கம்பத்துப் பெண் ஒருத்தி வெகு முன்னால் போய்விட்டாள். நாலாவது லேனில் ஓடிய ஜோதிகா இரண்டாவது. முதல் லேனில் ஓடிய அபிதா ஒரு சாண் வித்தியாசத்தில் மூன்றாவது. முதல் இரண்டு பேர்தான் மாவட்டப் போட்டிக்குப் போக முடியும். ஜோதிகா அனுசுயாவின் மாணவி. அவள் அம்மா சங்கிலியம்மாள், விடியும் முன்னே ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள், அன்று வேலையை விட்டுவிட்டு வந்து வேலி ஓரமாக நின்றிருந்தாள். மைக்கில் மகள் பெயரைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து பையன்கள் ஓட வேண்டும். கொடிகளைப் பார்த்துக்கொண்டு வந்த அனுசுயாவுக்கு முதல் லேனுக்கும் இரண்டாவது லேனுக்கும் நடுவில் எதுவோ உறுத்தியது. டேப்பை இழுத்தார். ஏழு அறுபத்தேழு. மறுபடி இழுத்தார். அதே அளவு. அவசரத்தில் கயிற்றின் முதல் முடிச்சையே ஏழு அறுபத்தேழில் போட்டிருக்கிறார். பின்னால் வந்த முடிச்சுகளும் அதற்கேற்ப நகர்ந்துவிட்டன. அபிதா மட்டும் முழு இருநூறு மீட்டர் ஓடியிருக்கிறாள். மற்ற ஐந்து பேரும் அறுபத்து மூன்று சென்டிமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறார்கள்.

கொடிகளைப் பிடுங்கிச் சரியான இடத்தில் ஊன்றினார். யாரும் கவனிக்கவில்லை. கோடு போட்டவரே சொன்னாலொழிய வெளியே வராத தப்பு இது. கயிற்றைச் சுருட்டி அறையில் போட்டால் முடிந்தது. அவர் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பந்தலில் இருந்த நடுவர் மேசைக்குப் போனார்.

தலைமை நடுவர் விஜயபாண்டி முழுதும் கேட்டுவிட்டு, “யாராச்சும் புகார் குடுத்திருக்காகளா?” என்றார்.

“இல்ல சார்.”

“பெறகென்ன? உக்காந்து காப்பியக் குடிங்க. அறுபத்து மூணு சென்டிங்கிறது ஒன்றர முழம் பூவுக்குக்கூட வராது.”

“அந்தப் புள்ள ஒரு சாண்லதான சார் தோத்திருக்கா.”

தலைமையாசிரியர் ராஜபாண்டி குரலைத் தாழ்த்தினார். “மைக்ல சொல்லியாச்சு டீச்சர். நடத்துறது நம்ம ஸ்கூலு, போறது நம்ம புள்ள. நீங்களே மண்ண அள்ளிப் போடுவீகளா?”

அனுசுயா கயிற்றை மேசைமேல் வைத்தார். அபிதாவின் பள்ளியில் பகுதிநேர ஆசிரியராக இருக்கும் திலீபன் அதை எடுத்துப் பார்த்தான். “நீங்க சொல்லலைன்னா எனக்குச் சத்தியமாத் தெரிஞ்சிருக்காதுக்கா. நான் இந்த அளவெல்லாம் போன்லதான் பாத்துப் போடுறேன்.”

விஜயபாண்டி பெருமூச்சு விட்டார். “சரி, மூணு மணிக்கு ஆறு பேரும் திரும்ப ஓடட்டும். உங்க புள்ளகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

ஜோதிகா அம்மாவோடு வேப்பமரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அனுசுயா நின்றபடியே சொன்னார். ஜோதிகா விரலிலிருந்த பருக்கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “தப்பு யாருது டீச்சர்?”

“என்னுது.”

“அப்ப நான் எதுக்கு ரெண்டாவது தடவ ஓடணும்?”

அதற்குப் பதில் போட்டி விதியில் இருந்தது. விதியை அந்த முகத்துக்கு நேரே சொல்ல அனுசுயாவுக்கு வாய் வரவில்லை.

சங்கிலியம்மாள் சட்டியை மூடினாள். “ஊருக்கெல்லாம் நல்லவுகளா இருங்க டீச்சரம்மா. எம்புள்ளைக்கு மட்டும் ஏன் சென்டிக் கணக்குப் பாக்குறீக?”

மூன்று மணிக்கு ஆறு பேரும் அதே லேன்களில் நின்றார்கள். கம்பத்துப் பெண் மறுபடியும் முதலாவது. கடைசி வளைவு வரை ஜோதிகாதான் இரண்டாவதாக இருந்தாள். நேர்கோட்டில் அபிதா எட்டிப் பிடித்து, ஒரு தோள் அளவு முன்னால் போனாள். கோட்டைத் தாண்டிய ஜோதிகா நிற்கவில்லை. அப்படியே வேலிப் பக்கம் நடந்துபோய், ஷூவைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் ஜோதிகா மைதானத்துக்கு வரவில்லை. அனுசுயா ஆள் விடவில்லை. பந்துகளுக்குக் காற்றடித்தார், வரிசை பிடித்தார். காலையில் நல்ல சாப்பாடு சாப்பிட்டு ஓடியதும், மத்தியானம் புளிச்சோற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடியதும் ஒன்றா என்ற கேள்வி வீட்டுக்குப் போகும் பேருந்தில் கூடவே வந்தது. அபிதாவுக்காகத்தான் சொன்னோமா, கோடு போடுவதில் தனக்கிருந்த பேருக்காகச் சொன்னோமா என்றும் யோசித்தார். பேருக்காகத்தான் என்றால், அதற்கு விலை கொடுத்தது ஜோதிகா. சின்னமனூர் தாண்டும் வரை யோசித்தும் பிடிபடவில்லை. திரும்ப அதே மேசை முன்னால் நிறுத்தினால் திரும்பவும் சொல்லியிருப்போம் என்பது மட்டும் தெரிந்தது.

பதினோராவது நாள் காலை அனுசுயா வரும்போது ஓடுதளத்தில் யாரோ குனிந்திருந்தது தெரிந்தது. ஜோதிகா. ஸ்டோர் அறையிலிருந்து டேப்பை எடுத்துவந்து, முதல் லேனின் தொடக்கக் கோட்டில் ஒரு நுனியைக் கல்லை வைத்து அமுக்கிவிட்டு, வளைவில் இழுத்துக்கொண்டிருந்தாள். கல் நழுவி நழுவி விழுந்தது.

அனுசுயா பக்கத்தில் போய் நின்றார். ஜோதிகா வணக்கம் சொல்லவில்லை.

“இனிமே நானும் அளந்து பாத்துட்டுத்தான் டீச்சர் ஓடுவேன்.”

“அளந்துக்க.”

“ஏழு நாலுதான?”

“ஏழு நாலு.”

அனுசுயா மண்டி போட்டு, கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டேப்பின் நுனியைக் கட்டை விரலால் கோட்டின் மேல் அழுத்திக்கொண்டார்.

“இழுத்துப் பிடிங்க டீச்சர், நடுவுல தொய்யுது” என்றாள் ஜோதிகா, தலையைத் தூக்காமல்.