கணவர் பெயரைச் சொல்லாத சாட்சி

இன்று கோர்ட்டில் எங்கள் ஊர்த் தேர்தல் வழக்கு. எண்ணும் முன்பே ஓட்டுப் பெட்டியின் அரக்கு முத்திரை உடைந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கூண்டில் ஏறியதும் ஜெயித்தவரின் வக்கீல், "உன் வீட்டுக்காரர் பேரென்னம்மா?" என்றார்.

கட்டியவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. "மலைக்கோயில் சாமி பேருங்க" என்றேன்.

"புருஷன் பேரே தெரியாதவ, முத்திரை உடைஞ்சதைப் பாத்தாளாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜ் என் சாட்சியைத் தள்ளிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து வீட்டு மங்கம்மா, "பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேக்கா" என்றாள்.

"சொன்னா மட்டும்? ஜட்ஜு வந்து எறங்கினதே ஜெயிச்சவரு காருலதானே!"

பாரூர் ஏரி வந்ததும் இருவரும் இறங்கிக்கொண்டோம்.

அடுத்த தேர்தலுக்குள் கட்டியவர் பெயரைச் சொல்லப் பழகிக்கொள்கிறேன், சாமி மன்னிக்கட்டும். அப்போது வேறென்ன கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள்.