பரிசல்துறையில் சென்னியம்மாள்

சென்னியம்மாளின் இரண்டு கைகளும் முதலில் விரிந்தன. உள்ளங்கை, பிறகு புறங்கை. விரலிடுக்கில் வெற்றிலைக் காம்பின் கறை. அடுத்து முந்தானையை உதறின. இடுப்பிலிருந்த சுருக்குப்பையைக் கவிழ்த்தன. ஒரு கொட்டைப்பாக்கும் புகையிலைத் துண்டும் மணலில் விழுந்தன.

"பாத்துக்க சாமி. எங்கிட்ட ஒண்ணுமில்லை. எதையும் கொண்டாந்து நான் உம்மேல வெச்சிரல. இனி உன்னையப் பாக்கட்டுமா?"

எதிரே நின்றவள் பெருமாயி. கைகளை மார்பின் குறுக்கே இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறுவருஷம் அது. காவிரிக்கு இக்கரையில் பரமத்தி வேலூர்; அக்கரை திருச்சி ஜில்லா, அங்கே கடைகள் திறந்தே இருந்தன. சைக்கிள் டியூபில் சாராயத்தை அடைத்து உடம்பில் சுற்றிக்கொண்டு பரிசலேறி வந்தவர்களில் பெண்களும் உண்டு. பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான் மானம் குலையாமல் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். போலீசில் பெண்கள் இல்லை. எனவே பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலை அடுக்கிக் கட்டும் சென்னியம்மாளை ஆள் விட்டு அழைப்பார்கள்.

முதல் தடவை அவள் சோதித்த பெண், "நீயே கொண்டாந்து வெச்சுட்டு எம்மேல பழி போடறயா?" என்று கத்தினாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சென்னியம்மாள் சாப்பிடவில்லை. அதன்பின் தன்னைக் காட்டாமல் அவள் யாரையும் தொட்டதில்லை. நான்கு மூங்கிலை நட்டு, சுற்றிலும் சேலை கட்டி மறைக்காத இடத்தில் தொடுவதுமில்லை. முதலில் சிரித்த போலீசார் பிறகு அவள் வருமுன்பே மூங்கில் நட்டு வைத்தார்கள்.

பெருமாயி பரிசலிலிருந்து இறங்கியபோதே ஏட்டு தீர்த்தகிரி கவனித்துவிட்டார். மார்பை அணைத்தபடி நடந்தாள். கையைத் தூக்கச் சொன்னபோதும் தூக்கவில்லை. கரைமேல் வண்டியோடு காத்திருந்த அவள் புருஷன் கந்தவேல் ஓடிவந்தான்.

"என்ற சம்சாரமுங்க. ஒடம்பு செரியில்லாத புள்ளைங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று ஏட்டு அவனைத் தள்ளி நிறுத்தினார்.

மறைப்புக்குள் சென்னியம்மாள் மணலில் உட்கார்ந்தாள். "ஒண்ணும் அவசரமில்லை. நீயா அவுக்கறப்ப நான் பாக்கறேன்."

சற்று நேரம் கழித்துப் பெருமாயி அவிழ்த்தாள். மார்பைச் சுற்றி இறுக்கிய வேட்டித் துணி. அதற்குள் வதங்கிய மல்லிகைப் பூ, தோலோடு ஒட்டிக் கிடந்தது. குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை வற்றவைக்கக் கட்டும் பூ.

"ஆம்பளப் புள்ள ஒண்ணு பொறந்துச்சுங்க ஆத்தா. கண்ணே தொறக்கலீங்க." பெருமாயி அவள் கையைப் பிடித்தாள். "வெளிய சொல்லிராதீங்க. ஆளாளுக்கு வந்து கேட்டா நான் தாங்கமாட்டேனுங்க."

சென்னியம்மாள் மறைப்புக்கு வெளியே வந்தாள்.

"என்ன சென்னியம்மா, டியூபா?"

"ரெண்டு டியூபு இருக்குமுங்க!" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"சாராயமில்லைங்க ஏட்டய்யா."

"பின்ன என்ன? கொண்டாந்து காட்டு."

"பாக்கறது என்ற வேலைங்க. பாத்தாச்சு. நம்பிக்கை இல்லீன்னா மேஜிஸ்திரேட்டுகிட்டக் கூட்டிட்டுப் போங்க. அங்கயும் இதையேதான் சொல்லுவேன்."

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "நான் சும்மா விட்டா, நீயும் அவளும் கூட்டுன்னு இவங்க பேசுவாங்க. அந்தப் பொண்ணு பேருதான் கெடும். உள்ள கட்டியிருக்கறத மோந்தாவது பாத்துச் சொல்றேன்."

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் துணி சென்னியம்மாளுடையது அல்ல. உள்ளே போய்க் கேட்டாள். பெருமாயி துணியை உருவி அவள் கையில் கொடுத்தாள்.

"துணிய மட்டும் குடுங்க. பூவக் காட்ட வேண்டாம்."

சென்னியம்மாள் பூக்களைத் தன் மடியில் உதிர்த்துக்கொண்டு, துணியை மறைப்புக்கு மேலாக நீட்டினாள். ஏட்டு அதை முகத்தருகே கொண்டுபோனார். மல்லிகையும் புளித்த பாலும். ஆத்தூரில் அவர் வீட்டிலும் ஒரு தடவை இந்த வாசம் இருந்திருக்கிறது. துணியை மெல்ல மடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு திரும்ப நீட்டினார்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் கலைஞ்சு போங்க."

"வாசம் எப்படீங்க ஏட்டய்யா?" என்றான் முன்பு சிரித்தவன்.

"நீ இங்க வா. உன் மூட்டைய நான் இன்னும் பாக்கல."

அவன் நழுவினான். அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

சென்னியம்மாள் பூக்களைப் பழையபடி வைத்து, மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கி, விலாப்பக்கம் முடிச்சுப் போட்டாள். சேலையைச் சரிசெய்தாள். போலீசார் பிரித்துப் போட்டிருந்த அவளுடைய மூட்டைத் துணிகளை ஒவ்வொன்றாக மணல் உதறி, மடித்து, மறுபடி கட்டினாள். பெருமாயியைக் கைத்தாங்கலாகக் கரைமேல் கூட்டிப்போனாள்.

"பூவப் புதுசா மாத்தோணும் சாமி. வண்டிய மெதுவா ஓட்டு" என்று சொல்லி, மூட்டையைக் கந்தவேலின் கைகளில் வைத்தாள்.