இண்டக்‌ஷனில் காயாத பால்

இன்று காலை மெல்பர்ன் புறநகர் ட்ருகனினாவில் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம்.

பால் காய்ச்சுவதற்கென்றே ஊரிலிருந்து மாமியார் சுமந்து வந்த பித்தளைப் பானையை அடுப்பில் வைத்தோம். இண்டக்‌ஷன் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. பித்தளை அதற்கு ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது.

காஸ் அடுப்பா? இங்கே புது வீட்டுக்கு இணைப்பே தரமாட்டார்கள். பூமி சூடாகிறதாம். சுரங்க ரயிலுக்கு அள்ளிக் கொட்டுகிற அரசாங்கம், என் சமையலறையில் வந்து சிக்கனம் பார்க்கிறது!

"நல்ல நேரம் முடியப்போறது சார்" என்றார் ஐயர்.

டொரண்டோவிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா மகன் சிரித்தான். "நாங்க கத்திக் கத்தி கார்பன் வரியையே எடுக்க வச்சோம். நீங்க அடுப்பையே குடுத்துட்டு நிக்கிறீங்களேண்ணா!"



கடைசியில் பக்கத்து வீட்டு ரஃபீக் பாய் கேம்பிங் போகும்போது எடுத்துப்போகும் காஸ் ஸ்டவ்வோடு ஓடி வந்தார். கராஜில் வைத்துக் காய்ச்சினோம்.

மாலையில் ஸ்டவ்வைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார், அடுத்த வாரம் எதிர் வீட்டுல பால் காய்ச்சுறாங்க" என்கிறார் ரஃபீக் பாய்.

வேறு யாருக்காவது வேண்டுமென்றால் கமெண்டில் தேதியைப் போடுங்கள். சீக்கிரம், இதற்கும் ஒரு வரி போடுவதற்குள்.