கொம்பைப் பிடித்தவள்

எங்கள் ஹோட்டிங் மேட்டில் புர்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. இன்ஸ்ப்ரூக் நகரம் காலடியில் கிடக்க, மேலே வீடு கட்டிக்கொண்ட பணக்காரர்களின் வாசல்களில் குளிர்காலம் முழுக்கப் பனி அள்ளுகிறவள். கைகள் இரண்டும் காய்த்துப்போயிருக்கும். புருஷன் காஸியான் கூரை வேலைக்காரன். அவளை அடிப்பான். அடுத்த வீட்டில் இருக்கும் எனக்குச் சுவர் வழியே கேட்கும். ஒரு தடவை அவள் விலா எலும்பு ஒடிந்து கிடந்தபோது போலீஸைக் கூப்பிட்டேன். "பனியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டாள். பனியிலேயே பிழைக்கிறவள் வழுக்கி விழுவாளாம்!

நிக்கொலஸ் திருநாளுக்கு முந்தின மாலை மட்டும் அவன் தெருவிலேயே அடிப்பான். அன்று ஆண்கள் ஆட்டுத்தோல் போர்த்தி, கொம்பு வைத்த மர முகமூடி மாட்டி, இடுப்பில் மணி கட்டிக்கொண்டு கிராம்பஸ் பேய்களாக இறங்கி வருவார்கள். விளாரால் பெண்களின் கெண்டைக்காலில் விளாசுவார்கள்; சிரித்துக்கொள்ள வேண்டும். திருப்பித் தள்ளலாம், திட்டலாம், கொம்பை மட்டும் தொடக் கூடாது. முகமூடியைத் தலையோடு வாரால் இறுக்கியிருப்பதால், திருகினால் கழுத்து போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

போன வருடம் காஸியான் நேராக அவளிடம்தான் வந்தான். முதல் அடியில் காலுறை கிழிந்தது. அடுத்ததில் ரத்தம். விழுந்தவளை முதுகிலும் விளாசினான். சூடான ஒயினும் கையுமாக நின்ற கூட்டம் சிரித்தது.

"போதும்டா காஸியான்!" என்று கத்தினேன்.

"வீட்டுல வாங்குறது பத்தலையாம் இவளுக்கு," என்றான் முகமூடிக்குள்ளிருந்து. அதற்கும் சிரித்தார்கள்.

புர்கி எழுந்தாள். கொம்பு இரண்டையும் பிடித்தாள்.

சிரிப்பு நின்றது. அவனை அப்படியே இழுத்து மண்டிபோட வைத்தாள். மணிகள் தாறுமாறாக அடித்துக்கொண்டன.

"கொம்ப விடு! கழுத்து ஒடிஞ்சிரும்!" பேய்க்கூட்டத்தின் தலைவர் ஆல்ஃபோன்ஸ் ஓடிவந்தார்.

"கிட்ட வந்தா ஒடிச்சிருவேன்," என்றாள். அவர் நின்றுவிட்டார். "சொல்லுடா, என் விலா எலும்பு எப்படி ஒடிஞ்சுது?"

கொஞ்சம் திருகினாள்.

"நான்தான்... நான்தான் மிதிச்சேன்."

"சத்தமா!"

"மிதிச்சேன்! விடுடீ!"

விட்டாள். வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஆல்ஃபோன்ஸ் விறைப்பாக அவள் வாசலில் வந்து நின்றார். "கொம்பத் தொட்டது பெரிய தப்பு புர்கி. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்குறேன். நேத்து சிரிச்சவங்க ஒருத்தர் விடாம வரட்டும். போலீஸையும் வரச் சொல்லியிருக்கேன்," என்றாள். "அவன் சொன்னத நீங்க எல்லாரும் கேட்டீங்கல்ல?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். புர்கி கதவைச் சாத்தாமல் காத்திருந்தாள்.

"கேட்டேன்," என்றார் கடைசியில்.