ஆறரை அடித் தடி

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு மீன்பிடிக் கழகத்தில் இருந்தேன். நாற்பத்திரண்டு உறுப்பினரில் நான் ஒருவன்தான் தமிழன். இடம் கிடைக்க மூன்று வருடமும் நான்கு மாதமும் காத்திருந்தேன். லண்டனில் நான் இருந்த கோலியர்ஸ் வுட்டிலிருந்து கழகத்தின் ஓடைக்கு இரண்டு ரயில், ஒரு பஸ், பிறகு ஆயிரத்து நூற்றுப் பத்து காலடி நடை. இத்தனையையும் என் மனைவியின் தம்பி ஒரே மத்தியானத்தில் நாசமாக்கினான். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் அவனை விருந்தாளியாகப் பதிந்து கூட்டிப்போனேன்.

ஓடையின் அகலம் எட்டடி. இரு கரையிலும் பற்றை, முள், தாழ்ந்த கிளைகள். அங்கே ஒன்பதடித் தூண்டில் தடியை ஓங்கினால் மரத்தைத்தான் பிடிக்கலாம். என் தடிகள் இரண்டும் ஆறரை அடி. இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சிகள் பதினெட்டு. பிடிக்கும் ட்ரவுட் மீனைக் காயமில்லாமல் திரும்ப விடவேண்டும் என்பதால், மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள்ளை ஒவ்வொரு தூண்டிலிலும் குறட்டால் நசுக்கியிருந்தேன். கழக விதிப்படி உண்மையான இரை எதுவும் கொழுவக் கூடாது. விருந்தாளி பிழைவிட்டால் கூட்டிவந்தவனுக்கு உறுப்புரிமை போகும். ரயிலில் இதை அவனுக்கு நான்கு தடவை சொன்னேன்.

அவன் தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், உது வாத்தியார்மாரின்ர பிரம்பெல்லோ?"

"பற்றைக்குள்ள நீட்டுத் தடி ஏலாது. பேசாமல் வீசு."

"இறகைத் தின்னுறதுக்கு இந்த ஊர் மீனுக்கு விசரே?"

அவனை அங்கே விட்டுவிட்டு வளைவுக்கு மேலே போனேன். இரண்டு மணி நேரம் முழங்காலில் நின்றேன். அறுபத்தேழு வீச்சு. ஒன்றும் கடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஓடைக் காவலர் அவன் தூண்டிலைக் கையில் பிடித்திருந்தார். என் பொய்ப்பூச்சியின் மேல், மனைவி சோற்றோடு கட்டித்தந்த இறால் பொரியலில் ஒரு துண்டு. மிளகாய்த்தூள் சிவப்பாகத் தெரிந்தது.

"மூண்டு கடிச்சது, அத்தான்," என்றான். "மூண்டையும் திரும்ப விட்டிட்டன்."

காவலர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இவர் உங்கள் விருந்தாளியா என்று. எனக்கு இவரைத் தெரியாது என்றேன்.

அவன் கோபப்படவில்லை.

"ஓம். அப்ப உங்கட சோத்துப் பார்சலையும் நானே தின்னுறன்," என்றுவிட்டு, சட்டைப் பையிலிருந்த விருந்தாளிச் சீட்டை எடுத்துக் காவலரிடம் நீட்டினான். அதில் என் கையெழுத்து இருந்தது.

ஒன்பதாம் நாள், என் உறுப்புரிமை போனதாகக் கழகத்தின் கடிதம் வந்தது. மனைவி அதை மேசையில் வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அவனைத் தெரியாதெண்டே சொன்னியள்?"

நான் பெட்டியைத் திறந்து பூச்சிகளை எண்ணினேன். பதினேழு. மற்றது, அவன் இறால் கொழுவியது, அவனிடம் இருக்கிறது. இன்றுவரை நான் அதைக் கேட்கவில்லை.