துடைத்துத் துடைத்துத் திருப்பிய கண்ணாடி

வியாழக்கிழமை மதியம் கண்ணாடிக்கடை யூசுப் பாயின் மருமகன் எங்கள் நில அளவை அலுவலகத்துக்கே வந்து சொன்னார். "மாமா தவறிட்டாருங்க சார். டீ குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாரு, அவ்ளோதான்." துக்கத்துக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. படுக்கையில் விழுந்து பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை அவருக்கு வரவில்லை. அது ஒன்றுக்குத்தான் அவர் பயந்தார்.

தேரடித் தெருவில் அவரிடம் கண்ணாடி போட்ட எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். வட்ட ஃபிரேம்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், லென்ஸின் ஓரத்தைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்துவிடுவார். "ஒரு சார் இருந்தாரு. கண்ணாடியத் தொடைச்சே கண்ணு போச்சுன்னு நெனைச்சிக்கிட்டாரு." நீங்களும் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அந்த சார் நான்தான்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பத்தொன்பது வயது. என் அப்பாவுக்கு நாற்பதில் பார்வை போனது. வரைபடத்தில் நான் இழுத்த நேர்க்கோடு ஒருநாள் சாய்ந்து தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு கோடு இரண்டானது. எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டினேன். டாக்டரிடம் போனால் உறுதியாகிவிடுமே என்று போகவில்லை. மனைவியிடமும் மூச்சு விடவில்லை. வேலையை விடுவதாக மனு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதைக் கொடுக்கும்வரை சமாளிக்கலாம் என்று, ஒரு பூதக்கண்ணாடி வாங்கப் பாயிடம் போனேன்.

"பூதக்கண்ணாடி இருக்கட்டும். போட்டிருக்கறதக் கழட்டிக் குடுங்க சார்" என்றார். கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தொடைப்பீங்க?"

மங்கலாகத் தெரிந்ததால் கோட்டுக்கு ஒரு தடவை துடைத்தேன். என் பவருக்கு லென்ஸ் ஒரே திசையில் நிற்க வேண்டுமாம். திருகு தளர்ந்த வட்ட ஃபிரேமில், நான் கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்க அது சுற்றிக்கொண்டே போயிருக்கிறது. பயந்து துடைத்தேன்; துடைத்ததால் இன்னும் மங்கியது; இன்னும் பயந்தேன்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவல சார். பயம்தான் ஜாஸ்தி." லென்ஸைத் திருப்பி, திருகை முடுக்கி, மாட்டிவிட்டுத் தெருவுக்கு இழுத்துவந்தார். தூரத்து பஸ்ஸில் 'செங்கம்' என்ற பலகை பளிச்சென்று தெரிந்தது. நடுத்தெருவில் நின்று விம்மி அழுதேன். அப்பாவைப் பற்றி, மனுவைப் பற்றி, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

"அழுவாதீங்க சார். ஈரமாச்சுன்னா மறுபடியும் தொடைப்பீங்க" என்றார் பாய்.

அதன்பின் அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொன்னார். பலமுறை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என் பக்கம் திரும்பக்கூட மாட்டார். மனுவைப் பற்றியோ நான் அழுததைப் பற்றியோ ஒரு வார்த்தை வந்ததில்லை. அவர் காப்பாற்றிய மானத்தை இன்று நானே கப்பலேற்றிவிட்டேன். இதைப் படித்தால் என் மனைவி திட்டுவாள். திட்டட்டும்.

அப்பா என் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. என் மகளுக்கு இப்போது இருபது. பாய் லென்ஸைத் திருப்பிய அந்த நாளுக்குப் பிறகு ஒருநாளும் பயப்படாமல் அவள் முகத்தைப் பார்த்து வளர்த்தேன். பாயிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது இதைத்தான்.