மகளுக்குத் தைத்த ஹார்னஸ்

தாராவியில் நான் வேலை செய்யும் பட்டறையில் பையும் வாரும் தைக்கிறோம். அங்கே ஹார்னஸ் என்றால் நாயின் மார்பில் மாட்டுவதும் ஹார்னஸ்தான், மாப்பிள்ளை ஏறும் குதிரைக்குப் போடுகிற ஜிகினா வைத்த வாரும் ஹார்னஸ்தான். உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பெல்ட்டுக்கும் அதே பெயர். எல்லாவற்றையும் வருடக்கணக்காகத் தைத்திருக்கிறேன். யார் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

போன வருடம் கோகுலாஷ்டமிக்கு எங்கள் சந்துப் பெண்களின் கோவிந்தா குழுவில், கல்லூரியில் படிக்கும் என் மகளை உச்சிக்கு ஏற்றுவதாக முடிவானது. ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி, உயரத்தில் கட்டிய தயிர்ப்பானையை உடைக்கவேண்டும். உச்சியில் நிற்பவளுக்கு ஹார்னஸ் மாட்டி மேலிருந்து கயிறு கட்டுவார்கள். குழுவிடம் இருந்ததோ தடியான ஆண்களுக்கானது. என் மகள் ஊதினால் பறக்கிறவள். ஒத்திகையில் கையைத் தூக்கியதும் தோள்வார் நழுவி முழங்கைக்கு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் நமக்கு என்னத்துக்கு? விழுந்து கைய கால ஒடிச்சிக்கிட்டா எவன் பதில் சொல்லுவான்?"

"நான் சொல்லுதேன். அவ அளவுக்கு நானே தைக்கேன்" என்றேன். சொன்ன கையோடு அளவு நாடாவை எடுத்தேன்.

பட்டறையில் ஒரு கட்டாயம் உண்டு. மனிதர் போடும் பெல்ட்டை, தைத்தவரே மாட்டிக்கொண்டு இரும்பு உத்தரத்தில் தொங்கிக் காட்டவேண்டும். அப்புறம்தான் அது வாசலைத் தாண்டும். மகளின் அளவு எனக்கு ஒரு தொடைக்குக்கூடக் காணாது. அதனால் அரிசி மூட்டையை மாட்டித் தொங்கவிட்டேன். வீட்டுக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை போலும். மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தானும் தொங்கினார். பட்டறையே சிரித்தது. பெல்ட் அசைந்து கொடுக்கவில்லை.

பண்டிகை அன்று, பானை கட்டியிருந்த மாட்டுங்காவில் நல்ல மழை. மகள் உச்சியில் நிமிர்ந்து பானைக்குக் கை நீட்டும்போது, கீழ்வரிசையில் ஒருத்தியின் கால் வழுக்கியது. எல்லோரும் சரிந்தார்கள். விழுந்தவர்களைக் கூட்டம் தாங்கிக்கொண்டது. மகள் மட்டும் அந்தரத்தில் தொங்கினாள்.

"எம்மா, ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்" என்று மேலிருந்து குரல் வந்தது.

அதற்குள் வீட்டுக்காரர், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, "வோ பெல்ட் மேரி கர்வாலி நே பனாயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பெண்டாட்டி செய்த பெல்ட்டாம். அந்த ஆள் தலையாட்டியதும் அடுத்தவரிடம் போனார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பானையை வேறு குழு உடைத்தது. உடைத்துவிட்டுப் போகட்டும்.

மகளை இறக்கியதும் ஓடினேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை; தோளைத் திருப்பித் தையலைத்தான் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.